கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேடும் சுழிப்போட்டம்

உயர்தர வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் படித்தபோது, சுழிப்போட்டம் என்பதைப் பரீட்சைக்குரிய ஒரு குறிப்பாகவே நான் மனனம் செய்தேன். நிலைமாற்றியில் சக்தி விரயமாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். விமானத் தொழினுட்பவியலாளராகப் பணிபுரியும் என் நானா விடுமுறையில் வந்தபோதுதான் அதன் பயனை விளங்கிக்கொண்டேன்.

விமானம் உயரே பறக்கும்போது வெளியைவிட உள்ளே காற்றமுக்கம் அதிகம். அதனால் அதன் உடற்பகுதி சற்று உப்பும். இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். பல்லாயிரம் தடவை இவ்வாறு நிகழும்போது உலோகம் களைப்படைந்து, ரிவெற்றுத் துளைகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. பூச்சுக்குக் கீழே அவை கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் சுழிப்போட்டம் உதவுகிறது. பேனை போன்ற ஒரு முனைக்குள் சிறிய கம்பிச்சுருள் இருக்கும். அதில் ஆடலோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகும். முனையை அலுமினியத் தகட்டில் வைத்தால், தகட்டினுள் வட்ட வட்டமாக மின்னோட்டம் சுழலும். வழியில் வெடிப்பு இருந்தால், ஓடையில் கல்லைக் கண்ட நீர்போல அது சுற்றிச் செல்ல நேரிடும். அந்த மாற்றம் சுருளையும் பாதிக்க, கருவியின் திரையிலுள்ள புள்ளி மேலெழும். மெல்லிய பூச்சை அகற்ற வேண்டியதுமில்லை.

மீடிறன் கூடக்கூட ஓட்டம் மேற்பரப்பை அண்டியே நிற்கும். எனவே மேற்பரப்பு வெடிப்பைத் தேட உயர்ந்த மீடிறனையும், ஆழத்திலுள்ளதைத் தேடக் குறைந்த மீடிறனையும் தெரிவுசெய்வர்.

“கருவி ஒன்றும் காட்டாவிட்டால் வெடிப்பே இல்லைதானே நானா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்ல ஏலாது தங்கச்சி. நாங்கள் சரியாகக் கேட்டால்தான் அது சரியாகப் பதில் சொல்லும்” என்றார்.

சரியாகக் கேட்பதற்கு அவர் மூன்று விடயங்களைச் சொன்னார். முதலாவது, அளவு தெரிந்த கீறல்கள் வெட்டப்பட்ட மாதிரித் தகட்டில் கருவியைச் சரிபார்த்த பின்னரே விமானத்தைத் தொட வேண்டும். இரண்டாவது, முனையைச் சாய்க்காமல், தூக்காமல் நகர்த்த வேண்டும். சிறிது உயர்ந்தாலும் திரையில் புள்ளி அசைந்து ஏமாற்றும். மூன்றாவது, தகட்டின் விளிம்பும் வெடிப்புப்போலக் காட்டும். ஆகவே விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் செல்ல வேண்டும்.

இந்தப் பொறுமை ஏன் அவசியம்? 1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாயில், அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று 24,000 அடி உயரத்தில் பறக்கையில் அதன் முன்பகுதிக் கூரை பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முன் அவ்விமானம் 89,000 தடவைகளுக்கும் மேல் பறந்திருந்தது. ரிவெற்று வரிசையிலிருந்த வெடிப்புகள் பராமரிப்பின்போது கண்டுபிடிக்கப்படாமல் போயின.

மாணவியரே, பாடநூலில் நாம் இரண்டு புள்ளிக்காக எழுதும் ஒரு வரி, யாரோ ஒருவரின் கையில் பல உயிர்களுக்குக் காவலாக இருக்கிறது. இப்போது அந்தப் பாடத்தை நான் மனனம் செய்வதில்லை, விளங்கிப் படிக்கிறேன்.