நாய்க்கும் உண்டு பயணக் குமட்டல்

விடுமுறை வந்துவிட்டால், சில வீடுகளில் குடும்பத்தாரோடு வளர்ப்பு நாயும் மகிழுந்தில் ஏறிக்கொள்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் வளைந்து நெளிந்த சாலையில் மனிதர்களுக்கே தலைசுற்றும். நாயின் நிலையும் அதுதான். ஆனால், தனக்குக் குமட்டுகிறது என்று அதனால் வாய்திறந்து சொல்ல முடியாது. இருக்கையை அழுக்காக்கியதற்காகத் திட்டுதான் வாங்குகிறது.

இக்குமட்டலுக்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உடல் சார்ந்தது. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் உள்ளது. வாகனம் ஓடும்போது, உடல் அசைகிறது என்று உட்காது மூளைக்குத் தெரிவிக்கிறது. வண்டியின் உட்புறத்தை மட்டும் காணும் கண்களோ, எதுவும் அசையவில்லை என்கின்றன. இந்த முரண்பாட்டால் மூளை குழம்ப, குமட்டல் உண்டாகிறது. குட்டிகளுக்குச் சமநிலை உறுப்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. அதனால், அவை எளிதில் பாதிக்கப்படுகின்றன. வளர்ந்த பின் பல நாய்களுக்கு இத்தொல்லை நீங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அச்சம். ஊசி போடுவதற்காக மட்டுமே மகிழுந்தில் ஏற்றப்படும் குட்டி, நாளடைவில் வண்டியைக் கண்டாலே நடுங்கும். அதைக் கண்டித்தால் அச்சம் பெருகும். அடுத்த பயணத்தில் குமட்டலும் கூடும்.

வாந்திக்கு முன்பே சில அறிகுறிகள் தென்படும். நாய் அடிக்கடி கொட்டாவி விடும்; உதட்டை நக்கும்; முனகும்; அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகும். இவற்றைக் கண்டதும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, நாயைச் சற்று நடக்கவிட வேண்டும்.

குமட்டலைத் தடுக்கச் சிறந்த வழி படிப்படியான பழக்கமே. முதலில், ஓடாமல் நிற்கும் மகிழுந்தில் நாயை அமர வைத்து, அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுக்கலாம். சில நாள்களுக்குப் பின் இயந்திரத்தை மட்டும் முடுக்கலாம். அதற்கும் பழகிய பிறகு வீட்டருகே ஒரு சுற்று, பின்னர் பூங்காவரை ஒரு பயணம் எனத் தூரத்தைக் கூட்டலாம். நாய் அஞ்சினால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும்.

பயண நாளில், புறப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் கொடுக்கலாம். நாய்க்குரிய பாதுகாப்பு வாரை அணிவித்து, முன்னோக்கி அமரச் செய்வது நல்லது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். மருந்து தேவையென்றால் விலங்கு மருத்துவரையே நாட வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது ஆபத்தானது.

வழியில் ஓய்வெடுக்கும்போது நாயை வண்டிக்குள் தனியே பூட்டி வைக்கக்கூடாது. வெளியே வெப்பநிலை 29 பாகை செல்சியசாக இருந்தாலும், மூடிய மகிழுந்தில் 10 நிமிடங்களில் ஏறக்குறைய 40 பாகையை எட்டிவிடும். அவ்வெப்பம் நாயின் உயிரையே பறிக்கக்கூடும்.

‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். பொறுமையோடு பழக்கினால், மகிழுந்தைக் கண்டு நடுங்கிய நாயும் ஒருநாள் வாலை ஆட்டிக்கொண்டு அதில் ஏறும்.