லக்சரில் கூட்டமில்லாத காலம்

லக்சரின் நைல் கரைச் சாலையில் இறங்கியதும் கண்ணில் பட்டவை கட்டிப்போட்ட கப்பல்கள்தான். ஒன்றையொன்று ஒட்டி வரிசை வரிசையாக, ஜன்னல் திரைகள் மூடியபடி நின்றன. நான் போனது 2014இன் குளிர்காலத்தில். வழக்கமாக அறை கிடைக்காத பருவம் அது. எகிப்துக்கு 2010இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.47 கோடிப் பேர். புரட்சி நடந்த 2011இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கெய்ரோவின் கலவரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அங்கிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற இந்த ஊருக்கான பயணத்தையும் ரத்து செய்தார்கள். 2013 பிப்ரவரியில் இங்கேயே நடந்த வெப்பக்காற்று பலூன் விபத்தில் 19 பேர் இறந்தது இன்னொரு அடி.

இப்படி நொடித்த ஊருக்குப் போகிறவர் முதலில் பழக வேண்டியது பின்தொடரும் குரல்களுக்கு. "இந்தியாவா? அமிதாப் பச்சன்!" என்று படகுக்காரரும் குதிரை வண்டிக்காரரும் கூடவே வருவார்கள். பலர் எரிச்சலாகிவிடுகிறார்கள். காலையிலிருந்து ஒரு சவாரியும் கிடைக்காதவர் வேறு என்ன செய்வார்? சிரித்து, "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரே தரம் சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போனால் போதும். ஏறுவதென்றால் ஏறும் முன்பே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: சொல்லும் விலை எகிப்திய பவுண்டா, பிரிட்டிஷ் பவுண்டா, ஆளுக்கா, மொத்தத்துக்கா, போக மட்டுமா, போய்வரவா. சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

குதிரை வண்டி என்றால் குதிரையைப் பாருங்கள். பயணிகள் வற்றிய காலத்தில் இந்தக் குதிரைகளும் பட்டினி கிடந்தன; விலங்குநல அமைப்புகள் தீவனம் கொடுக்க வேண்டியிருந்தது. சேணத்தின் கீழே புண் இல்லாத, விலா எலும்பு துருத்தாத குதிரையை வைத்திருப்பவருக்கே சவாரியைக் கொடுங்கள். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தங்குவதற்கு மேற்குக் கரைதான் என் சிபாரிசு. லக்சர் கோயிலுக்கு எதிரே உள்ளூர் மக்கள் ஏறும் படகில் சொற்பக் காசுக்கு ஆற்றைக் கடந்துவிடலாம். அங்கே குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் இருக்கின்றன. வெளிநாட்டிலேயே பணம் கட்டிவிட்டு வரும் கப்பல் பயணத்தில் ஊருக்குள் சிந்துவது கொஞ்சம்தான். இங்கே கொடுக்கும் வாடகை அன்று மாலையே மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்கிறது.

அதே கரையில் குர்னா ஊர்ப் பக்கத்து வெண்சலவைக் கல் பட்டறைகளில் நேரம் செலவிடுங்கள். கையால் செய்யும் ஜாடியை, குடையும்போது விரிசல் விடாமலிருக்கத் துணி சுற்றி இறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு தேய்த்து, சூடாக்கி, மெழுகு பூசுகிறார்கள். வாங்கும்போது உள்ளே கைப்பேசி விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். சுவர் மெலிந்து, தடிமன் சற்றே ஏறி இறங்கி, வெளிச்சம் ஊடுருவினால் அது கைவேலை. ஒரே சீராகக் கனத்திருந்தால் பெரும்பாலும் இயந்திரம். கைவேலைக்குப் பேரம் பேசலாம், ஆனால் பட்டினிக் காலத்தைச் சாக்காக வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் போனபோது மன்னர்கள் பள்ளத்தாக்கில் கூட்டமே இருக்கவில்லை. காலை ஆறு மணிக்கே போனால் ஒரு கல்லறைக்குள் தனியாகவே நிற்க முடிந்தது. மனிதர் மூச்சின் ஈரம் சுவரோவியங்களைக் கெடுக்கிறது என்பதால்தான் துத்தன்காமன் கல்லறைக்கு ஒரு நகலையே செய்து அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்திருந்தார்கள். ஆக, ஆள் வராதது ஓவியத்துக்கு நல்லது. வாசலில் காவல் நிற்பவர் வீட்டுக்குக் கெட்டது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் அங்கே என்னால் ரசிக்க முடியவில்லை. காவலருக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டுகளைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தவறவிடக் கூடாத இடம் தெயிர் எல் மதீனா. அந்தக் கல்லறைகளை வெட்டி வண்ணம் தீட்டிய தொழிலாளர்களின் ஊர். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி வந்து சேராததால் இவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். அந்தப் பாப்பிரஸ் பதிவு இப்போது இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளாவது அமர்த்திக்கொண்டு இந்த ஊரைச் சுற்றுங்கள். வீடுகளில் அடித்தளச் சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருப்பதால், சொல்ல ஆளில்லாவிட்டால் வெறும் கல் குவியலாகத் தெரியும்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி. வியாபாரம் மந்தமான ஊரில் சிறு உணவகங்கள் சரக்கை வாங்கி அடுக்கி வைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மண்சட்டிக் கறிக்கு இறைச்சி வாங்க அவர்களுக்குக் கையில் காசு இருக்கும். கூடவே ஷம்ஸி ரொட்டியும் கேளுங்கள். மேல் எகிப்தில் அந்த மாவை வெயிலில் வைத்துத்தான் பொங்க விடுவார்கள், அதனால் மதியத்துக்குப் பிறகு சொன்னால் கிடைக்காது.