கேம் மேப் டூலுக்குக் காசு கொடுக்கலாமா? முதல்ல உங்க ஒரு மணி நேரத்தோட விலையைப் பாருங்க

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ஒரு கேம் கணக்கு போடுவோம். ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'ல மூலிகை பறிச்சு, தாது வெட்டி தங்கம் சேர்க்கிறவங்களுக்கான பதிவு இது. எது எங்கே கிடைக்கும்னு காட்டுற மேப் டூல்களில் எதை எடுக்கலாம், அதுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

"நான் தங்கத்துலயே சந்தா கட்டுறேன், எனக்கு கேம் ஃப்ரீ"ன்னு பலர் சொல்லுவாங்க. 2015-ல் வந்த டோக்கன் முறைதான் அதுக்குக் காரணம். ஒருத்தர் டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி ஏலச் சந்தையில் தங்கத்துக்கு விற்பார். தங்கம் கொடுத்து அதை வாங்கினவருக்கு 30 நாள் விளையாட நேரம் கிடைக்கும். இது நிஜமாவே ஃப்ரீயா?

டோக்கன் விலை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். கணக்குக்காக 2,50,000 தங்கம்னு வெச்சுப்போம். ஏலச் சந்தை பிடிக்கிற 5% கமிஷன் போக, மணிக்கு 25,000 தங்கம் கையில் நிக்குதுன்னா 10 மணி நேரம் உழைக்கணும். மிச்சமாகிறது அமெரிக்காவில் ஒரு மாதச் சந்தாவான 14.99 டாலர். டாலர் 88 ரூபாய்னா சுமார் 1,320 ரூபாய். மணிக்கு 132 ரூபாய் கூலி! மாதம் 40,000 ரூபாய் சம்பளம், 26 நாள், தினம் 9 மணி நேரம்னு பார்த்தா ஆபீஸில் உங்க மணி நேரம் 171 ரூபாய். மூலிகை பறிக்கிறது பிடிச்சு செஞ்சா அது பொழுதுபோக்கு, நல்லாவே இருங்க. சேமிப்புன்னு நினைச்சுத் தூக்கத்தை விட்டா, அது சம்பளம் கம்மியான இன்னொரு வேலை.

இப்போ டூலோட மதிப்பு. நல்ல மேப் உங்க வேகத்தை 20% கூட்டினா மணிக்கு 30,000 தங்கம். 10 மணி வேலை 8 மணி 20 நிமிடத்தில் முடியும். மிச்சம் 1 மணி 40 நிமிடம், அதாவது மாசத்துக்கு 220 ரூபாய். அதுக்கு மேல விலை சொன்னா பேச்சுக்கே இடமில்லை.

ஆனா அந்த 220-கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 2009-ல் பிளிஸார்ட் ஒரு விதி கொண்டு வந்தது: ஆட்ஆன்களுக்குக் காசு வாங்கக் கூடாது, கோடை மறைக்கக் கூடாது. அதுவரை காசுக்கு விற்ற 'கார்போனைட்'ங்கிற மேப் ஆட்ஆனே இலவசமாச்சு. இன்னைக்கு 'கேதர்மேட்2' போதும். நீங்க பறிச்ச இடத்தை எல்லாம் அதுவே மேப்பில் புள்ளியா வெச்சுக்கும். கூட 'ரூட்ஸ்' ஆட்ஆனைச் சேர்த்தா அந்தப் புள்ளிகளைச் சுத்தி வர குறைஞ்ச தூரப் பாதையைப் போட்டுத் தரும். என் கணிப்பில் லாபம் இந்தப் பாதையில்தான். மேப் முழுக்க ஆயிரம் புள்ளி இருந்தா கண்ணு கூசும், வேகம் கூடாது. அந்தப் புள்ளிகூட முன்னாடி அங்கே கிடைச்சதுன்னு மட்டும்தான் சொல்லும், இப்போ இருக்குன்னு சொல்லாது.

"இப்போ எங்கே இருக்குன்னு லைவா காட்டுறோம்"னு யாராவது டூல் வித்தா உஷார். கேமோட மெமரியைப் படிக்கிற அந்த மாதிரி புரோகிராம் தடை செய்யப்பட்டது, அக்கவுண்டே போயிடும். சாதாரண ஆட்ஆன்ங்கிறது லுவா ஃபைல்கள் இருக்கிற ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஆட்ஆன்னு சொல்லிட்டு இஎக்ஸ்இ ஃபைல் கொடுத்தா, நெட் பேங்கிங் பண்ற அதே லேப்டாப்பில் அதை ஓட்டிடாதீங்க.

'ஈவ் ஆன்லைன்' ஆடறவங்களுக்கு 'டாட்லான்' மேப் பிரவுசரிலேயே இருக்கு. அந்த கேமுக்கான வேறு சில டூல்கள் லாகின் கேட்கும். அப்போ திறக்கிற பக்கம் கேம் கம்பெனியோட சொந்த முகவரிதானா, என்னென்ன அனுமதி கேட்குதுன்னு பாருங்க. மேப் காட்ட உங்க பணப்பை விவரம் எதுக்கு? 'கென்ஷின் இம்பாக்ட்'க்கு கம்பெனியே இலவச மேப் வெச்சிருக்கு, விஷயம் முடிஞ்சது.

இதையும் மீறி எதுக்காவது சந்தா கட்டியிருந்தா, கார்டு இல்லன்னா யுபிஐ ஆட்டோபே பட்டியலை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. 15,000 ரூபாய் வரைக்குமான தொடர் பிடித்தத்துக்கு ஒவ்வொரு மாசமும் ஓடிபி கேட்காது. 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வரும். அதைத்தான் நாம விளம்பரம்னு நினைச்சு தள்ளி விட்டுடறோம். ரத்து பண்ற பட்டன் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கு.