கரண்ட் வைக்கும்போது தோலில் என்ன பூசலாம்?

ஹைதராபாத்தில் ரெட் ஹில்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. இது அரசு மருத்துவமனை. 1955-இல் தொடங்கியது.

செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. "அடுத்து கதிர் சிகிச்சை" என்றார் டாக்டர். அதற்காக அக்கா இந்த மருத்துவமனைக்கு வந்தார்.

கதிர் சிகிச்சையை நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். ஆனால் உடம்பில் கரண்ட் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இனக் கதிர்தான் இதுவும். பல மடங்கு வலிமையானது. அது புற்றுநோயை அழிக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். தினமும் சில நிமிடம்தான். அப்போது வலி இருக்காது. சிலருக்கு மூன்று வாரத்தில் முடியும். சிலருக்கு ஆறு, ஏழு வாரம் ஆகும்.

அக்காவுக்கு முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் தோல் கறுத்தது. அரித்தது. அக்குளில் எரிந்தது.

"உடம்பே வெந்து போச்சு. நாளையிலிருந்து நான் போக மாட்டேன்" என்று அழுதார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். "மஞ்சளை அரைச்சுப் பூசு கண்ணு, எரிச்சல் அடங்கும்" என்றார். அக்கா மஞ்சளை அரைத்தும் விட்டார். மகள்தான் தடுத்தாள். "சிஸ்டரைக் கேட்டுட்டுப் பூசலாம்மா" என்றாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். சிஸ்டர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, கதிர் தோலைத் தாண்டித்தான் உள்ளே போகுது. நம்ம மேல்தோல் தினமும் உதிரும். அடியிலிருந்து புதுத் தோல் வரும். கதிர் பட்டால் புதுத் தோல் வருவது குறையும். அதனால்தான் கறுக்குது, உரியுது. இது ஆறிடும். ஆனா நீங்க நடுவில் நின்னுட்டா, மிச்சம் இருக்கிற நோய் மறுபடி வளரும்."

"அப்போ மஞ்சள் பூசலாமா சிஸ்டர்?"

"அரைச்ச மஞ்சள் வேண்டாம். அம்மியில், கையில் கிருமி இருக்கும். கடைத் தூளில் சாயம் கலந்திருக்கலாம். உங்க மேல கோடு போட்டிருக்கோமே, அதுவும் மறைஞ்சிடும்."

பாட்டி சொன்னது முழுக்கத் தவறா? இல்லை. மங்களூரில் ஃபாதர் முல்லர் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 50 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த கிரீமைப் பூசினார்கள். மற்றவர்கள் குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார்கள். கிரீம் பூசியவர்களுக்குத் தோல் புண் குறைவாக வந்தது. 50 பேர் என்பது சிறிய கணக்குதான். இருந்தாலும் நல்ல செய்தி. ஒன்றைக் கவனியுங்கள். புண் வந்த பிறகு அவர்கள் பூசவில்லை. முதல் நாளிலிருந்தே பூசினார்கள்.

பிரான்ஸ் நாட்டில் காலெண்டுலா என்ற பூவின் களிம்பைச் சோதித்தார்கள். நம் ஊர்த் துலுக்கச் சாமந்தி போல இருக்கும். ஆனால் அது வேறு செடி. மார்பகப் புற்றுநோய் வந்த 254 பெண்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. வேறு களிம்பு பூசியவர்களில் 100-க்கு 63 பேருக்குத் தோல் அதிகம் பாதித்தது. காலெண்டுலா பூசியவர்களில் 100-க்கு 41 பேருக்குத்தான் அப்படி ஆனது.

சோற்றுக் கற்றாழையை எல்லோரும் புகழ்கிறார்கள். அதையும் பல நாடுகளில் சோதித்தார்கள். சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. மூலிகை என்றாலே பலன் தரும் என்று நம்பிவிடக் கூடாது. டாக்டர்கள் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புக்கு இவற்றைவிட வலுவான சான்று உண்டு. அதை நீங்களாகக் கடையில் வாங்கிப் பூசாதீர்கள்.

அக்காவுக்கு டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். அதை மெல்லிசாகப் பூசச் சொன்னார். கதிர் வைக்கும் நேரத்தில் களிம்பு தடிப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் தோலில் கதிர் கூடுதலாக இறங்கும். தோல் உரிந்து நீர் கசிந்தால் எந்தக் கிரீமும் பூசக் கூடாது. அன்றே காட்ட வேண்டும்.

குளிக்கலாமா என்று அக்கா கேட்டார். குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு போதும். தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். கோடு அழியக் கூடாது. தலைவலித் தைலம், ஐஸ், வெந்நீர் ஒத்தடம், பிளாஸ்திரி எதுவும் அந்த இடத்தில் ஆகாது. வெயிலும் படக் கூடாது. அக்கா இறுக்கமான ரவிக்கையை விட்டார். மகளின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள்கூட விடாமல் போய் முடித்தார். முடிந்த அடுத்த வாரம் எரிச்சல் இன்னும் கூடியது. இப்படி ஆகும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அக்கா பயப்படவில்லை. களிம்பையும் நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் தோல் ஆறியது. கறுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து வருகிறது.