தென்னந்தும்பு வணிகத்தின் மரபும் கமக்காரர் கற்கத்தக்கனவும்

தேங்காய் உரித்தபின் வளவின் மூலையில் எறியப்படும் பொச்சுமட்டையைக் கமக்காரர் பலர் விறகாகவே கருதுவர். ஆயினும் அம்மட்டையை நம்பியே இந்நாட்டில் ஒரு வணிக மரபு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றுள்ளது. அது எதனால் நிலைத்தது, எதனால் தளர்ந்தது, எவ்வாறு மீண்டும் தலையெடுத்தது என்பவற்றை அறிதல் தென்னை வளர்ப்போர்க்கு மட்டுமன்றி, நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர்க்கும் பயன் தரும்.

1. தும்பின் தன்மை

பொச்சுமட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே தும்பு ஆகும், எஞ்சியது தும்புத்தூள். தும்பு இரு வகைப்படும். முற்றுமுன் பறித்த காயின் பச்சை மட்டையைக் களப்புநீரிற் பல மாதங்கள் ஊறவைத்து, கட்டையால் அடித்து எடுப்பது வெண்தும்பு. இது கயிறு திரிப்பதற்கு ஏற்றது. முற்றிய காயின் மட்டையைச் சில காலம் நனைத்து, சுழலும் பொறியில் இட்டு எடுப்பது கபிலத்தும்பு. இதில் நீண்டு விறைப்பானவை தூரிகைக்கும், குட்டையானவை மெத்தைக்கும் உதவும்.

மட்டை ஊறும்போது நுண்ணுயிர்கள் இழைகளைப் பிணைத்திருக்கும் பசைப்பொருளைச் சிதைக்கின்றன. ஊறல் குறைந்தால் இழை பிரியாது. மிகுந்தால் இழை வலிமை இழக்கும். எனவே எந்நாளில் மட்டையை வெளியே எடுப்பது என்பதை அறிந்த கையே இத்தொழிலின் முதல் முதலீடு எனலாம்.

தென்னங்கயிறு உவர்நீரில் எளிதில் மக்குவதில்லை. ஆதலால் முற்காலத்து அராபியர் தம் மரக்கலங்களின் பலகைகளை ஆணி அறையாது, இக்கயிற்றினாலேயே தைத்துக் கடலோடினர்.

2. காலியில் தோன்றிய வணிக இல்லம்

1878 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் பிக்கரிங் ஹேலி என்பவர் காலி நகரில் தம் பெயரால் ஒரு வணிக இல்லத்தைத் தொடங்கி, தென்னந்தும்பு முதலிய இந்நாட்டு விளைபொருள்களை ஏற்றுமதி செய்யலாயினர். அது காலித் துறைமுகத்திற்கு நற்காலமன்று. கொழும்பில் அலைதடுப்பணைக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. பெருங்கப்பல்கள் அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பை நோக்கித் திரும்பின. ஆயினும் மட்டை ஊறும் களப்புகளும், அதனை அடித்துத் திரிக்கும் பெண்களும் தென்கரைக் கிராமங்களிலேயே இருந்தனர். ஒரு குடும்பத்தின் பெயரோடு தோன்றிய அவ்வில்லம் பிற்காலத்தில் பொதுமக்கள் பங்கு கொள்ளும் கொம்பனியாக மாறிற்று. பெயரோ இன்றும் நிலைத்துள்ளது.

3. கட்டினுள் இருக்கும் நம்பிக்கை

தும்பு வணிகத்தில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லும் பெருஞ்சொத்து பண்டசாலையன்று. கட்டின்மீது கொள்வோன் வைத்த நம்பிக்கையே ஆகும். கடல் கடந்து வாங்குவோன் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. நீளம், நிறம், தூய்மை என்பவற்றுக்கேற்ப இழை தரம் பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேலே இருப்பதே உள்ளேயும் இருத்தல் வேண்டும்.

இங்கு ஏமாற்றுவது எளிது. தும்பு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால், நனைத்த கட்டு நிறையில் மிகும். மணல் கலந்தாலும் நிறை மிகும். ஆனால் ஈரக்கட்டு கிடங்கில் பூஞ்சணம் பிடித்து, அருகிலுள்ள நல்ல கட்டுகளையும் கெடுக்கும். களப்பங்கரையில் ஒருவர் பெற்ற சில ரூபாய் இலாபத்திற்காக, அவரை அறியாத பல குடும்பங்கள் தம் விலையை இழக்க நேரிடும்.

நெல்லுக்கும் இவ்விதியே பொருந்தும். ஈரப்பதன் 14 சதவீதத்திற்கு மேற்பட்ட நெல்லையும் சப்பி கலந்த நெல்லையும் மூட்டை கட்டி விற்பவர், தம் நெல்லின் விலையை மட்டுமன்றித் தம் ஊர் நெல்லின் பெயரையும் குறைத்துவிடுகின்றார்.

4. செயற்கை இழையின் வருகை

1938 இல் நைலோன் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த செயற்கை இழைகள் கயிறு, தூரிகை, மெத்தை ஆகிய மூன்றிலும் தும்பின் இடத்தைப் பற்றின. நேர்மையான தரம் பிரித்தலுங்கூட இவ்விழப்பை முற்றாகத் தடுத்துவிடவில்லை. நற்பெயர் மட்டும் போதாது. கையிலுள்ள பொருளின் பிற பயன்களையும் தேடுதல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

அத்தேட்டம் வீண்போகவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து நீரையும் வாயுவையும் தூய்மையாக்கும் கரியைச் செய்வதற்கு, காலியில் தோன்றிய அவ்வணிக இல்லத்தின் கிளையாக ஹேகார்ப் என்னும் கொம்பனி 1973 இல் நிறுவப்பட்டது. ஆலைகளின் அருகே மலைபோற் குவிந்து இடத்தை அடைத்த தும்புத்தூளும் பயிர் வளர்க்கும் ஊடகமாக மதிப்புப் பெற்றது. இன்று அது கட்டிகளாக அழுத்தப்பட்டுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. மட்டையின் மூன்றில் இரு பங்கு நெடுங்காலம் கழிவென்று எறியப்பட்டது என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்வாராக.

5. கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

(அ) மட்டை முழுவதையும் விற்றுவிடலாகாது. அதில் பொட்டாசியம் என்னும் சாம்பற்சத்து மிகுதியாக உண்டு. ஆண்டுதோறும் மட்டையை வெளியேற்றும் தோட்டம் அச்சத்தையும் உடன் இழக்கின்றது. ஒரு பகுதியைத் தோட்டத்திலேயே பயன்படுத்துதல் நன்று.

(ஆ) கோடையில் தென்னையின் அடியிலும் மரக்கறிப் பாத்திகளின் இடையிலும் மட்டையைப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். குழிந்த பக்கம் நிலத்தை நோக்கியிருத்தல் வேண்டும். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும்.

(இ) தும்புத்தூள் தன் எடையைப் போற் பல மடங்கு நீரைத் தாங்கவல்லது. ஆயின் உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும்; அதனை அப்படியே இட்டால் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் கருகும். நன்னீரில் ஊறவைத்து வடித்தலை மூன்று முறையேனும் செய்க.

(ஈ) பச்சைத் தூளில் நைதரசன் மிகக் குறைவு. அது மண்ணில் மக்கும்போது பயிருக்குரிய நைதரசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வதால் இலைகள் மஞ்சளாகும். எனவே சாணமும் பசுந்தழையும் சேர்த்து மக்கவைத்த பின்னரே பாத்திக்கு இடுதல் வேண்டும். நாற்றுமேடைக்குக் கழுவிய தூளோடு நன்கு மக்கிய கூட்டெருவைச் சமபங்கு கலக்கலாம்.

(உ) வயலுக்குப் பாயும் குளத்திலும் வாய்க்காலிலும் கிணற்றருகிலும் மட்டையை ஊறவிடலாகாது. ஊறல்நீர் கறுத்து நாறுவதோடு, நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்களும் மடியும்.

(ஊ) பாகல், புடோல், பயற்றை ஆகியவற்றின் பந்தலுக்குத் தும்புக்கயிற்றையே பயன்படுத்துக. அறுவடை முடிந்ததும் கொடியோடு அறுத்துக் கூட்டெருக் குழியில் இடலாம். நைலோன் கயிறோ மக்காது மண்ணிற் கிடந்து மண்வெட்டியிற் சிக்கும்.

முடிவுரை

தும்பு வணிகம் பல தலைமுறை கண்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கட்டின் உள்ளும் புறமும் ஒன்றாயிருந்தமை. மற்றொன்று, காலம் மாறியபோது கழிவையும் பொருளாகக் கண்டமை. இவ்விரண்டையும் கைக்கொள்வதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. மூட்டை கட்டும்போது நேர்மையும், வளவின் மூலையிற் கிடப்பதைக் கூர்ந்து நோக்கும் கண்ணும் இருப்பின், சிறு தோட்டம் உடையவரும் தம் பிள்ளைகளுக்கு ஒரு நற்பெயரையும் வளங்குன்றாத மண்ணையும் விட்டுச் செல்லலாம்.