கறுப்புக் கோழி கறுப்பு முட்டை இடுமா?

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். படத்தில் ஒரு கோழி. கொண்டை, அலகு, கால், நகம் எல்லாமே கரிக்கட்டை நிறம். பக்கத்தில் ஒரு கூடை முட்டை, அவையும் கறுப்பு. "ஒரு ஜோடி சொல்லி வைக்கலாம்னு இருக்கேன் தம்பி. முட்டை மருந்துக்கு ஆகுமாம். நீ கோழி வளர்க்கிற ஆளு, பார்த்துச் சொல்லு" என்றார்.

கோழி உண்மைதான். ஜாவாவைச் சேர்ந்த ஆயாம் செமானி. தோல், இறைச்சி, எலும்பு, குடல் வரை கறுப்பு ஏறிய இனம்; நிறமிச் செல்களை அளவுக்கு மீறிப் பெருகவைக்கும் ஒரு மரபணு மாற்றம் அதற்குக் காரணம். முட்டைதான் பொய். செமானி இடுவது பாலாடை நிற முட்டை, சில நேரம் வெளிர் பழுப்பு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத், 2018இல் புவிசார் குறியீடு பெற்ற கருங்கோழி. அதன் முட்டையும் வெளிர் பழுப்புதான். கறுப்பு ஓட்டோடு முட்டையிடும் கோழி உலகில் எங்கும் இல்லை. அந்தக் கூடைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள், அல்லது படத்தையே கணினியில் செய்திருக்கிறார்கள்.

மலேசியாவில் முட்டைக்கான அரசாங்க உதவித்தொகை 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முற்றாக நின்றதிலிருந்து ஜொகூர் நண்பர்கள் பலர் என்னிடம் கோழி விசாரிக்கிறார்கள். கொல்லையில் பார்க்க அழகாகவும் மேய வேண்டும், அடுப்படிக்கு முட்டையும் வர வேண்டும். நியாயமான ஆசை, நடக்கக்கூடிய ஆசை. ஆனால் கைப்பேசிப் படத்தைப் பார்த்துக் கோழி வாங்கினால் நடக்காது. நம் வெயிலையும் மழையையும் பார்த்து வாங்க வேண்டும்.

"பழுப்பு முட்டையில்தான் சத்து"

ஒரு பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். முட்டை வெளியே வருவதற்குச் சில மணி நேரம் முன்னால் மேலே பூசப்படும் நிறமி அது, அவ்வளவுதான். சிலி நாட்டு அரௌகானா போன்ற இனங்களின் நீல முட்டையில் மட்டும் நிறம் ஓடு முழுக்க ஊறியிருக்கும். எந்த நிறமானாலும் உள்ளே இருக்கும் சத்தை ஓடு தீர்மானிப்பதில்லை, தீனி தீர்மானிக்கிறது. மஞ்சள் கரு அடர்த்தியாக வேண்டுமா? சோளமும் முருங்கைக் கீரையும் போடுங்கள், சில நாளில் மாறிவிடும்.

"வருடத்துக்கு 300 முட்டை என்று போட்டிருக்கிறதே?"

லோமன் பிரவுன், ஹைசெக்ஸ் பிரவுன், ஐஎஸ்ஏ பிரவுன் போன்ற பழுப்புக் கலப்பினங்களின் விவரத்தாளில் அப்படித்தான் இருக்கும். அது பொய்யில்லை. பண்ணைக் கொட்டகையின் கணக்கு அது, கொல்லையின் கணக்கு இல்லை.

கோழியை முட்டையிடச் சொல்வது வெளிச்சம். கண் வழியாகவும் மண்டையோட்டைத் தாண்டியும் புகும் ஒளி மூளையைத் தொட, அங்கிருந்து கிளம்பும் சுரப்பு கருவகத்தை எழுப்புகிறது. பண்ணைகளில் விளக்குப் போட்டு ஒரு நாளை 16 மணி நேரம் வரை நீட்டுகிறார்கள். நம் ஜொகூரோ நிலநடுக்கோட்டுக்கு மிகப் பக்கம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய் நம் பொந்தியானில்தான் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே 10 நிமிட வித்தியாசம்தான். குளிர் நாட்டுப் புத்தகங்கள் சொல்வதுபோல் நம் கோழிகள் பனிக்காலத்தில் முட்டையை நிறுத்துவதில்லை. 16 மணி நேரக் கோழிபோல் இடுவதும் இல்லை. என் கொல்லையில் விளக்குக் கிடையாது. நல்ல பழுப்புக் கோழி ஒன்று முதல் வருடத்தில் வாரத்துக்கு ஐந்து முட்டை தருகிறது. இறகு உதிர்க்கும் காலத்தில் ஒன்றுகூடத் தராது. எனக்கு அது போதும்.

அடுத்தது வெயில். பிற்பகல் இரண்டு மணிக்குக் கூண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். அலகைத் திறந்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, தொண்டை துடிக்க நின்றுகொண்டிருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தில் கார்பனேட் குறைகிறது. ஓடு கட்ட அதுதான் மூலப்பொருள். அடுத்த நாள் கூட்டில் தோல் முட்டை கிடப்பதற்கு வெயிலும் ஒரு காரணம். சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் பிரம்மா, கொச்சின், ஆர்பிங்டன் போன்ற பொதிமூட்டை இனங்களைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டாம் என்கிறேன். குளிர் தாங்க வளர்ந்த இறகு அது. பிரம்மாவுக்கும் கொச்சினுக்கும் காலிலும் இறகு உண்டு. நம் மழையில் சேறு அப்பி, காய நேரமில்லாமல் புண்ணாகும். ஆயாம் சுத்ரா என்னும் பட்டுக்கோழியின் இறகிழைகளில் கொக்கி இல்லாததால் மழைத் தண்ணீர் வழிந்தோடாமல் நேராகத் தோலுக்கு இறங்கிவிடும். கூரைக்குக் கீழேயே வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

வெயிலுக்கென்றே பிறந்த ஒன்றைப் பலர் அசிங்கம் என்று ஒதுக்குகிறார்கள். கழுத்தில் இறகில்லாத கோழி, மலாயில் ஆயாம் தோகெல். இந்த மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே உடம்பின் மொத்த இறகு ஐந்தில் ஒரு பங்கு குறையும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் இன்னும் அதிகம் குறையும். மற்றவை இரைத்து நிற்கும் நேரத்தில் இது தரையைக் கிளறிக்கொண்டிருக்கும். சிவந்த கழுத்தும் பளபளக்கும் முதுகுமாக என் கண்ணுக்கு அது அழகான கோழி.

"கம்பத்துக் கோழிக்கு நோய் வராது"

இந்த நம்பிக்கையால் செத்த கோழிகளுக்குக் கணக்கே இல்லை. வெள்ளைக் கழிச்சல், அதாவது நியூகாசல் நோய், ஊருக்குள் நுழைந்தால் கம்பத்துக் கோழிகளைத்தான் முதலில் வாரிக்கொண்டு போகும். தடுப்பூசி போட்ட பண்ணைக் கோழி நிற்கும். போடாத நாட்டுக்கோழி கழுத்துத் திருகி விழும். நம் நாட்டில் இதற்காக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்போது மலேசிய வேளாண் பல்கலைக்கழகமாக இருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், 1980களில் அய்னி இடெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, சூட்டைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்குத் தீனியில் கலந்து கொடுக்கும் வழியை உருவாக்கினார்கள். ஐஸ் பெட்டி இல்லாத ஊருக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பது உண்மையானால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

கம்பத்துக் கோழியின் உண்மையான பலம் வேறு. தானாகத் தீனி தேடும், ஆபத்தைக் கண்டால் ஒளியும், அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும். அந்த அடைதான் முட்டைக்கு எதிரி. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் உட்கார்ந்துகொள்ளும். 21 நாள் அடை, அதன்பிறகு குஞ்சோடு சில வாரம். அடை தெளியட்டும் என்று மூக்கில் இறகைச் செருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேதனை மட்டுமே மிச்சம், தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் கம்பிவலை போட்ட, காற்றோட்டமான கூண்டில் மூன்று நான்கு நாள் தீனியும் தண்ணீரும் வைத்து விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து தானே எழுந்துவிடும். இன்னொன்று: சந்தையில் கம்பத்துக் கோழி என்று விற்கும் குஞ்சுகளில் பல, இறைச்சிக்காகக் கலந்து உருவாக்கிய நிறக்கோழிகள். தின்பது அதிகம், இடுவது கொஞ்சம்.

"சேவல் இல்லாமல் முட்டை வராது"

வரும். குஞ்சுதான் வராது. தாமானில் வீடு என்றால் சேவல் வேண்டவே வேண்டாம். விடியற்காலை நான்கரை மணிக்கு அது எழுப்புவது உங்களை மட்டுமல்ல. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பார்த்து அடை வைப்பதும் வீண். குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயின் கருமுட்டை, ஓட்டின் வடிவம் இல்லை.

செம்பனைத் தோட்ட ஓரங்களில் திரியும் காட்டுச் சேவலைப் பிடித்துக் கலந்தால் முட்டை கூடும் என்கிறார்களே, அதை எங்கே கேட்டாலும் மறுத்துச் சொல்லுங்கள். உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அந்தச் செங்காட்டுக் கோழி. அதன் பெட்டை இடுவது ஒரு ஈட்டுக்கு ஏழெட்டுக்கும் குறைவு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை, அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். அதோடு நம் கோழிகளின் கலப்பு காட்டுக்குள் போகப் போக, தூய காட்டு இரத்தம் கரைகிறது. அதை அதன் இடத்தில் விட்டுவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.

"ஐந்து மாதப் பெட்டை, இப்போதுதான் முட்டையிடப் போகிறது"

கோழி வளர்க்கத் தொடங்கிய வருடம் ஒரு வியாபாரி இப்படிச் சொல்லி எனக்கு நான்கு பழுப்புக் கோழிகளை விற்றார். அவை பண்ணையில் ஓய்வு கொடுத்த கோழிகள். மலாய்க்காரர்கள் ஆயாம் பென்சென் என்பார்கள். ஓய்வுக் கோழி வாங்குவது தவறில்லை, மலிவு, ஓரளவு முட்டையும் இடும். இளங்கோழி விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு. அதனால் கையில் தூக்கிப் பாருங்கள். முட்டையிடும் கோழியின் உடம்பிலிருந்து மஞ்சள் நிறம் வரிசையாக வெளியேறும்: முதலில் முட்டைவாய், பிறகு கண் விளிம்பு, அலகு, கடைசியில் கால். கால் வெளுத்திருந்தால் அது பல மாதம் இட்டு முடித்த கோழி. இளம்பெட்டையின் கால் மஞ்சளாக இருக்கும். கூண்டில் கிளற மண்ணில்லாமல் நீண்டுபோன நகமும் வயதைக் காட்டிக்கொடுக்கும். வாலுக்குக் கீழே இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே விரலை வையுங்கள். ஒரு விரல் மட்டும் நுழைந்தால் இப்போது முட்டை இல்லை. இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, எதைத்தான் வாங்குவது? ஆறு கோழிக்கு இடமிருந்தால் என் தேர்வு இது. முட்டைக்கு மூன்று பழுப்புக் கலப்பினம். அவற்றின் குஞ்சுகள் தாயைப்போல் இடாது என்பதால் அவற்றை வைத்துப் பெருக்க நினைக்க வேண்டாம். ஆயாம் அராப் ஒன்று: பெயர்தான் அராப், மூலம் பெல்ஜியத்தின் பிராக்கல் இனம், வெள்ளிக் கழுத்தும் கறுப்புக் கோடுகளும் கொண்ட சிறிய உடம்பு, அடை உட்காருவது அபூர்வம், முட்டையும் நிறைய. புள்ளி போட்ட கம்பத்துப் பெட்டை ஒன்று, ஆயாம் தோகெல் ஒன்று. காலையில் திறந்துவிட்டால் செம்பழுப்பும் வெள்ளியும் புள்ளியும் புல்லில் கலந்து மேய்வதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம். ஆறையும் ஒரே நாளில், ஒரே பருமனில் விடுங்கள். பின்னால் வருவதைப் பழையவை கொத்தித் தள்ளும்.

இடம் மிகக் குறைவு, அழகுதான் முக்கியம் என்றால் செராமா இருக்கிறது. கிளந்தானில் வீ யான் ஈன் என்பவர் உருவாக்கிய, உலகிலேயே மிகச் சிறிய கோழி இனம். அரை கிலோகூட எடை வராது. மார்பை நிமிர்த்தி அது நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஐந்து முட்டை சேர்ந்தால்தான் ஒரு பெரிய கோழிமுட்டைக்குச் சமம். பெரிய கோழிகளோடு ஒரே கூண்டில் விடவே கூடாது.

அக்கா செமானியை முழுக்க விட்டுவிடவில்லை. பழுப்புக் கோழி மூன்று, செமானிப் பெட்டை ஒன்று என்று முடிவு செய்திருக்கிறார். முட்டைக்கு மூன்று, கண்ணுக்கு ஒன்று; நல்ல கணக்கு. கூண்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டச் சொன்னேன். 2023 மார்ச்சில் பத்து பகாட், செகாமட் பக்கம் தண்ணீர் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மலைப்பாம்புக்கும் மரநாய்க்கும் சேர்த்து, சன்னமான கம்பிவலை, இரவில் பூட்டும் கதவு.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் ஊராட்சி மன்றத்தில் குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்கலாமா, எத்தனை, எவ்வளவு தூரம் தள்ளி என்று கேளுங்கள். பிறகு மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் தடுப்பூசி நாள்களை எழுதி வாங்குங்கள். கோழியை அதற்குப் பிறகு தேடுங்கள்.