அறுத்த வயலில் க்ளோ இன்ஜின்: நீடிலைத் திருகும் முன்

சம்பா அறுப்பு முடிந்ததும் சுவாமிமலைப் பக்கம் மாதிரி விமானம் விட இடத்துக்குப் பஞ்சமில்லை. உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்து, வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் பறக்கத் தடையுள்ள இடங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் நடுவானில் நின்றால் உடனே எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகுகிறோம். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் இருக்கும். 6.5 முதல் 7.5 சிசி வரையுள்ள டூ-ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜினை இந்த வரிசையில் பாருங்கள்.

1. எரிபொருள்: மெத்தனால், சிறிது நைட்ரோமீத்தேன், 18–20 சதவீதம் எண்ணெய். எண்ணெயில் ஒரு பங்கு ஆமணக்காக இருந்தால் நம்மூர் வெயிலுக்கு நல்லது. சூடேறினாலும் அதன் படலம் எளிதில் அறாது. தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு உரிமக் கட்டுப்பாடு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால்தான். ஆகவே கலந்து விற்பதையே பில்லோடு வாங்குங்கள். கேனில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியாது.

2. டேங்க்: அதன் நடுமட்டம் நீடிலின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். அதிர்வில் நுரைக்காமலிருக்க ஃபோம் சுற்றுங்கள். குழாயில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் காற்று புகுந்து கலவை லீன் (எரிபொருள் குறைவு) ஆகிவிடும். சந்தேகமா, குழாயையே மாற்றிவிடுங்கள்.

3. ப்ளக்: 1.5 வோல்ட் கொடுத்தால் இழை பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். மங்கினால் மாற்றுங்கள்.

4. ஸ்டார்ட்: புது இன்ஜினை அதன் கையேடு சொல்கிறபடி பழக்குங்கள். நீடிலை மூடி, சுமார் இரண்டரைச் சுற்று திறங்கள். விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ப்ராப்பை விரலால் சுழற்றாமல் ஸ்டார்ட்டரை வையுங்கள்.

5. முழு த்ராட்டில்: ப்ளக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ப்ராப்புக்குப் பின்னால் நின்று நீடிலை ஒவ்வொரு க்ளிக்காக மூடுங்கள். சத்தம் உச்சத்துக்கு வந்ததும் இரண்டு மூன்று க்ளிக் திறந்து ரிச் (எரிபொருள் கூடுதல்) பக்கம் கொண்டுவாருங்கள். மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். வேகம் தொய்ந்தால் இன்னும் லீன். மேலும் ஒரு க்ளிக் திறங்கள். மஃப்ளரிலிருந்து மெல்லிய வெண்புகை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

6. ஐடில்: முழு வேகம் சரியான பிறகே இது. பத்து நொடி ஐடிலில் விட்டு த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். புகை கக்கித் தடுமாறினால் ரிச். சத்தமில்லாமல் பட்டென்று அணைந்தால் லீன். ஐடில் ஸ்குரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

7. வானிலை: தை மாசிக் காலைப் பனியில் காற்று அடர்த்தி, எரிபொருள் கூடுதலாக வேண்டும். நேற்று உச்சி வெயிலில் வைத்த நீடில் இன்று காலை ஏழு மணிக்கு லீன். ரிச்சாக ஓடினால் கொஞ்சம் வேகம்தான் குறையும். லீனாக ஓடினால் பிஸ்டனே போய்விடும். எனவே ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு ஒரு க்ளிக் கூடுதலாகத் திறந்தே தொடங்குங்கள்.

8. வீடு திரும்பும் முன்: டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டரிலும் ப்ளக் துளையிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டு, ப்ராப்பைக் கையால் சுழற்றுங்கள். ஆற்றங்கரை ஈரத்தில் பேரிங் துருப்பிடிக்க இதைத் தவறவிட்டாலே போதும்.